கடற்கரை ஊர்க் கோழிகளைத் தெருவோடு காப்போம்

நேயர்களுக்கு என் வணக்கம். தொண்டி தொடங்கி வாலிநோக்கம் வரையுள்ள நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கோழி மேயாத கொல்லைப்புறத்தைக் காண்பது அரிது. ஆண்கள் கடலுக்குச் சென்றுவிடும் வீடுகளில், முட்டையும் சேவலும் விற்று வரும் பணம் பெண்களின் கையிலேயே சேர்ந்து, பிள்ளைகளின் நோட்டுக்கும் மருந்துக்கும் உடனே உதவுகிறது. ஆகவே ஒரு கழிச்சல் வந்து பஞ்சாரம் காலியாகும்போது அதைச் சிறிய இழப்பு என்று நான் கருதமாட்டேன். அந்த இழப்பை ஒரு வீடு தனியாக நின்று தடுக்க முடியாது, தெருவே கூடிச் செய்ய வேண்டிய காரியம் அது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் இராணிக்கெட் நோய் ஒரு வைரஸால் வருவது. கோழி வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும். வாயைத் திறந்து மூச்சுவிடும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் குணப்படுத்தும் மருந்து இதற்கு இல்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் ஓர் ஊசி என்று முன்கூட்டியே போட்டுக்கொள்வதுதான் காப்பு. ஊசிக்கு ஒரு வாரம் முன்பாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் தடுப்பூசி நன்றாக வேலை செய்யும்.

இங்கேதான் தெரு வேண்டியிருக்கிறது. மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிகளுக்கோ அதற்கும் மேலோ போதும் அளவில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மீதியை மண்ணில்தான் கொட்ட வேண்டியிருக்கும், பத்து வீட்டார் சேர்ந்து வாங்கினாலோ ஒரு சொட்டும் வீணாகாது. அதோடு, என் வீட்டுக் கோழிகளுக்குப் போட்டு உங்கள் வீட்டில் விட்டுவிட்டால், ஒரே குப்பைமேட்டைக் கிளறும் அவற்றுக்கிடையே நோய்க் கிருமி தங்கிக்கொண்டே இருக்கும். மருந்தைக் கடையிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் வைத்துக் கொண்டுவருவது கட்டாயம், ஏனெனில் சூடு பட்ட மருந்து குப்பியில் இருக்கும், பலன் இருக்காது. மீன் இறங்கும் ஊரில் ஐஸ் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். ஊழியர்கள் வந்து நிற்கும்போது கோழிகள் கருவேலங்காட்டுக்குள் மேயப் போயிருந்தால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது. முகாம் நாள் தெரிந்தவர் முந்தின மாலையே பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிடாமல் அடைத்தே வைத்திருக்க வேண்டும்.

நோய் நுழைந்துவிட்ட தெருவில், வாடி நிற்கும் கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வறுமை எனக்குப் புரிகிறது, ஆனாலும் அந்தச் செயலை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அடுத்த ஊருக்கு நோய் போவது பெரும்பாலும் இப்படித்தான். செத்த கோழியைக் கண்மாயிலோ கடற்கரையிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். எந்த வீட்டில் முதல் கோழி சாய்ந்ததோ அந்த வீட்டார் அன்றைக்கே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டால், மற்றவர்கள் தங்கள் கோழிகளை அடைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது உப்பு. கோழி வளர்ப்பைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை, நம் ஊர்களுக்கோ இதுவே தலையாயது. கருவாடு கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றுகிறோம். கருவாட்டுத் தலையையும் செதிலையும் கோழிக்குப் போடுகிறோம். கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் உவர்ப்பு. பெரிய கோழி ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று வாரக் குஞ்சுகளால் தாங்க முடியாமல், ஓயாமல் தண்ணீர் குடித்து, நீராகக் கழிந்து, வயிறு வீங்கிச் சாகின்றன. இதைக் கழிச்சல் நோய் என்று எண்ணித் தவறான மருந்து கொடுப்பவர்கள் உண்டு. மனிதர்கள் குடிக்கும் நல்ல தண்ணீரில் ஒரு சிரட்டையாவது குஞ்சுகளுக்கென்று நிழலில் வையுங்கள். வெயில் காலத்தில் அதைப் பகலில் பலமுறை மாற்றுங்கள். மீன் கழிவு கொடுப்பதானால் உப்பிடாத பச்சைக் கழிவை வேகவைத்துக் கொடுக்கலாம், அது நல்ல புரதம்.

கடல் கொடுக்கும் நன்மையும் உண்டு. முட்டை ஓடு மெலிந்து உடைகிறதென்றால், கிளிஞ்சலைப் பொறுக்கி வந்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, உலர்த்தி, கடுகளவிலிருந்து மிளகளவு வரை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடும் பெட்டைகள் தமக்கு வேண்டிய அளவைத் தாமே கொத்தித் தின்னும். தீவனத்தோடு கலக்க வேண்டாம், குஞ்சுகளுக்கு அந்தச் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் சிறுநீரகம் கெடும்.

அடை வைக்கும் முட்டைகளில் கூமுட்டை பெருகுகிறது, பொரித்த குஞ்சும் நோஞ்சானாக இருக்கிறது என்றால், தெருவில் ஒரே சேவலின் வழி நெடுங்காலம் ஓடுகிறதா என்று பாருங்கள். தன் வயிற்றுப் பெட்டைகளையே சேவல் மிதிக்கும்போது வம்சம் மெலிகிறது. ஏர்வாடிப் பக்கத்துச் சேவலைத் தேவிபட்டினத்துக்கும் அங்குள்ளதை இங்கேயுமாக உறவினர்களுக்குள் மாற்றிக்கொண்டால் செலவின்றித் தீரும் குறை இது. அப்படி வரும் சேவலை மூன்று வாரம் தனியே கட்டிவைத்து, எச்சத்தைத் தினமும் கவனித்து, தடுப்பூசியும் போட்ட பிறகே பெட்டைகளோடு விடுங்கள். நன்றி, வணக்கம்.