விடுதிகளுக்குச் சலவைத் தொழில்: வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஒரு விடுதியில் ஒன்பது ஆண்டுகளாக ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, உங்களைப் போல விடுதிகளுக்குச் சலவை செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கலாமா? தொடக்கத்தில் நீங்கள் செய்த தவறுகள் என்னென்ன?"

தவறுகளைக் கேட்டதற்கு நன்றி. சாதனைகளைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும்.

எங்கள் பட்டறை பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற இடம் இது. இங்கே பிறந்து வளர்ந்தவனுக்குத் துணி வெளுப்பதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற மிதப்போடுதான் நானும் தொடங்கினேன். வெளுப்பில் நான் தோற்கவில்லை, எண்ணிக்கையில் தோற்றேன்.

விடுதியின் பின்வாசலில் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஈரத் துண்டும் குழம்புக் கறை பட்ட விரிப்பும் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும் மூட்டையைப் பிரித்து எண்ண யாருக்கும் மனம் வராது. காய்கறி வண்டி வந்துவிட்டது, சீக்கிரம் எடுங்கள் என்று காவலாளியும் அவசரப்படுத்துவார். எனவே அவர்கள் சலானில், அதாவது துணிக் கணக்குச் சீட்டில், எழுதியிருக்கும் எண்ணுக்குக் கீழே எங்கள் ஓட்டுநர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். சலானில் 240 தலையணை உறை என்று இருக்கும். பட்டறையில் பிரித்துப் போட்டால் 226 இருக்கும். மாதக் கடைசியில் குறைந்த உறை ஒவ்வொன்றுக்கும் புதுத் துணியின் விலையையே கணக்கிட்டு எங்கள் பில்லில் கழித்துக்கொண்டார்கள். வாதாடிப் பார்த்தேன். ஆனால் கையெழுத்து எங்களுடையதாயிற்றே!

அதன் பிறகு முறையை மாற்றினோம். ஈரத் துணிக்கு ஒரு பை, கறைத் துணிக்கு ஒரு பை. பத்துப் பத்தாக மடித்து, அவர்கள் ஆள் ஒருவரும் நம் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ண வேண்டும். கிழிந்தது, சிகரெட் சுட்டது, மருதாணி பட்டது எல்லாவற்றுக்கும் சலானில் தனிக் கட்டம் இருக்க வேண்டும். இதற்கு நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. அந்த நாற்பது நிமிடத்துக்கான கூலியைச் சேர்க்காமல் நீங்கள் விலை சொன்னால், அந்த விலை தொடக்கத்திலேயே நஷ்டம்.

அடுத்த எண்ணிக்கை, விடுதியிடம் மொத்தம் எத்தனை துணி இருக்கிறது என்பது. உங்களுக்குத் தெரியாததில்லை: ஓர் அறைக்குக் குறைந்தது மூன்று செட் வேண்டும், ஒன்று கட்டிலில், ஒன்று அலமாரியில், ஒன்று நம்மிடம். நூறு அறை கொண்ட விடுதியில் எழுபது அறை நிரம்பி, அறைக்குப் பன்னிரண்டு உருப்படி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 840 உருப்படிகள் நம் கைக்கு வந்து திரும்ப வேண்டும். புதுத் துணி வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போன விடுதியில் இருப்பு இரண்டு செட்டாகச் சுருங்கியிருக்கும். அங்கே நம் வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தாலும் அறை தயாராகாது. பழி நம் தலையில்தான் விழும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதும், மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குவதும் வடசென்னையில் பிழைக்கும் நமக்குத்தான் தெரியும், அறைக்காகக் காத்திருக்கும் விருந்தினருக்குத் தெரியாது. ஆகவே, விடுதியின் துணி வைக்கும் அறையான லினன் ரூமின் இருப்பைப் பார்க்காமல் எந்த விடுதிக்கும் விலை சொல்லாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் இயந்திரம் வாங்க வேண்டாம். கடின நீரில் சோப்பு வீணாகும், வெள்ளை விரிப்பு சாம்பல் பூக்கும். இரும்புச் சத்துள்ள நீரில் குளோரினைப் போட்டால் மஞ்சள் போவதற்குப் பதிலாகத் துணியிலேயே ஊன்றிவிடும். இயந்திரத்தின் விலையோடு நீரை மென்மையாக்கும் சாதனத்தின் விலையையும் சேர்த்தே முதலீட்டைக் கணக்கிடுங்கள்.

இனி, நாட்களின் எண்ணிக்கை. பலரும் இந்த இடத்தில்தான் தொழிலை மூடுகிறார்கள். மாதம் 3 லட்சம் ரூபாய்க்குப் பில் போடுகிறீர்கள் என்றால், 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 54,000 ரூபாய் சேரும். விடுதி பணம் தந்ததா இல்லையா என்று அரசு பார்க்காது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அதைக் கட்டியாக வேண்டும். உள்ளீட்டு வரியை, அதாவது தொழிலுக்காக நாம் வாங்கியவற்றுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை, கழித்துக்கொள்ளலாம் என்றாலும், நம் செலவில் பெரும்பங்கு கூலி. கூலிக்கு ஜிஎஸ்டி இல்லை, எனவே கழிக்க அதிகம் இருக்காது. விடுதியோ தொண்ணூறாம் நாளில் பணம் தரும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி, உத்யம் என்ற மத்திய அரசின் தொழில் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று அவர்கள் எழுதினாலும் சட்டத்தின் கணக்கு 45 நாள்தான். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது. இந்த விதியை நான் கடிதமாக எழுதி அனுப்பியதில்லை. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தின் தொடக்கத்தில் விடுதியின் கணக்கரிடம் நேரில் போய் மெதுவாக நினைவுபடுத்துவேன். பெரும்பாலும் அதுவே போதுமாக இருக்கிறது.

இன்னொன்றும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டிதான், ஆனால் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. ஆகவே நம் பில்லில் உள்ள 18 விழுக்காடு அத்தகைய விடுதிக்கு முழுச் செலவாகவே நிற்கிறது. அந்தப் பாரத்தை நம் விலையில் இறக்கப் பார்ப்பார்கள். எந்த எண்ணுக்குக் கீழே இறங்க மாட்டீர்கள் என்பதைப் பேசப் போவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் வரவில் பாதிக்கு மேல் ஒரே விடுதியிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த விடுதி மூடியது. மற்றதை விவரிக்கத் தேவையில்லை. இன்று எந்த ஒரு வாடிக்கையாளரையும் வரவில் கால் பங்கைத் தாண்ட நான் விடுவதில்லை.

சகோதரி, உங்களிடம் எனக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: நீங்கள் அந்தப் பின்வாசலின் உட்பக்கத்தில் நின்றவர். வேலையை இப்போதே விட வேண்டாம். மூன்று மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்: சலவை வண்டி எத்தனை மணிக்கு வந்தது, சலானில் எத்தனை, கையில் எத்தனை, திரும்ப வந்ததில் கறை போகாதது எத்தனை, ஞாயிற்றுக்கிழமை அறைகள் காலியாகும்போது அலமாரியில் மிச்சம் எத்தனை. நீங்கள் வேலை பார்க்கும் விடுதியையே முதல் வாடிக்கையாளராக நினைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். சம்பளம் வாங்கும் இடத்தில் அது முறையல்ல, தொழில் பழகுவதற்காக மட்டும் எழுதுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் அந்த நோட்டோடு ஒரு காலைப் பொழுதில் பட்டறைக்கு வாருங்கள். ஆறு மணிக்கு முதல் வண்டி கிளம்பிவிடும், அதற்கு முன்பே வந்துவிட்டால் நல்லது.