பொடி தடவிய நோட்டுக்கு முன்னால்

தலைவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

லஞ்ச ஒழிப்பு என்றதும் நம் கண்முன் வருவது பெரும்பாலும் ஒரே காட்சிதான். ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளை அதிகாரி வாங்குகிறார். மறைந்திருந்த போலீசார் உள்ளே வருகிறார்கள். கரைசலில் நனைத்த விரல்கள் இளஞ்சிவப்பாகின்றன. மறுநாள் 'கையும் களவுமாகப் பிடிபட்டார்' என்று செய்தி வருகிறது. அந்தப் பணியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விரல்கள் சிவக்கும்போது ஒரு குடிமகன் ஏற்கெனவே பலமுறை அலைக்கழிக்கப்பட்டு, பணம் கேட்கப்பட்டு, துணிந்து புகாரும் கொடுத்து முடித்திருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதற்கு முந்தைய கட்டத்தை: தவறு நடப்பதற்கான சந்தர்ப்பத்தையே குறைக்க, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் என்னும் அமைப்பு என்ன செய்கிறது, அது எங்கே தடுக்கிவிழுகிறது என்பதை.

1962-இல் உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, ஊழல் தடுப்பு பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தார். அதற்குத் தலைமை தாங்கியவர் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த தமிழர், கே. சந்தானம். அந்தக் குழுவின் பரிந்துரையின் விளைவாக 1964 பிப்ரவரி 11 அன்று அரசுத் தீர்மானம் ஒன்றின் மூலம் ஆணையம் பிறந்தது. முதல் ஆணையராக நிட்டூர் சீனிவாச ராவ் பொறுப்பேற்றார். சந்தானம் குழு கண்டவற்றுள் என்னை இன்றும் நிறுத்தி யோசிக்கவைப்பது, தாமதத்தைப் பற்றி அது சொன்னதுதான். சட்டத்துக்குப் புறம்பான காரியம் ஒன்றைச் சாதிக்கக் கொடுக்கப்படும் பணம் ஒரு வகை. நியாயமாகக் கிடைக்க வேண்டியதைச் சீக்கிரம் பெறுவதற்காகக் கொடுக்கப்படும் 'வேகப் பணம்' இன்னொரு வகை. இரண்டாவது வகை வழக்கமாகிவிட்ட அலுவலகத்தில், கோப்பு தானாக நகர்ந்துவிட்டால் வருமானம் போய்விடும் என்பதால், நகராமல் வைத்திருப்பதே ஒரு தொழிலாகிவிடுகிறது. நான் வேலையில் சேர்ந்த புதிதில், என் பக்கத்து மேசைக்காரர் எல்லாம் சரியாக இருக்கும் கோப்பைத்தான் அடியில் வைப்பார். குறையுள்ள கோப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம், சரியான கோப்புக்குத்தான் விலை உண்டு என்பது அவருடைய கணக்கு.

இனி ஆணையத்தின் உடற்கூறு. அதனிடம் சொந்தமாகப் போலீஸ் படை இல்லை. 1997 டிசம்பரில், ஹவாலா ஊழல் விசாரணை தொடர்பான வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குச் சட்ட அந்தஸ்தையும், ஊழல் வழக்குகளைப் பொறுத்தவரை சி.பி.ஐ.-யின் மீது மேற்பார்வையையும் வழங்கியது. அதன் நாளாந்த வேலை நடப்பது வேறிடத்தில். ஒவ்வொரு அமைச்சகத்திலும், பொதுத்துறை நிறுவனத்திலும், அரசு வங்கியிலும் ஒரு தலைமை விஜிலென்ஸ் அதிகாரி இருக்கிறார். ஆணையத்தைக் கலந்துகொண்டே அவர் நியமிக்கப்படுகிறார். பெரிய பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒருவரையே கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் நாளை அதே நிறுவனத்தில் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர், இன்று தன் மேலதிகாரியின் கோப்பைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மீறியது. அப்படியும், அந்த அதிகாரிக்கு அறையும் காரும் உதவியாளரும் தருவது அவர் கண்காணிக்க வேண்டிய நிர்வாகம்தான்.

முன்தடுப்பின் மிகச் செழிப்பான களம் டெண்டர். முன்பெல்லாம் விலைப்புள்ளிகளைத் திறந்த பிறகு, 'பேரம் பேசிக் குறைக்கிறோம்' என்று பல ஒப்பந்ததாரர்களை அறைக்குள் அழைப்பார்கள். கேட்பதற்கு அரசுக்கு லாபமான ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் யாரை அழைப்பது, யாரிடம் எந்த எண்ணைக் கசியவிடுவது என்ற முடிவு அந்த அறையில் இருப்பவரின் கையில் இருந்தது. குறைந்த விலை சொன்ன நேர்மையானவர் வெளியே நிற்க, அவர் விலையைத் தெரிந்துகொண்ட இன்னொருவர் அதற்குச் சற்றுக் கீழே போய் வேலையை எடுத்துக்கொள்வார். அப்போது ஆணையராக இருந்த என். விட்டல், 1998 நவம்பர் 18 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்றில், மிகக் குறைந்த விலை சொன்னவரைத் தவிர வேறு யாரோடும் டெண்டருக்குப் பிந்தைய பேரம் கூடாது என்று தடை செய்தார். ஒரு வாக்கியம்தான், அதற்காக யாரும் கைது செய்யப்படவில்லை. ஆனாலும் எத்தனையோ அறைகளின் கதவை அது சாத்தியது என்பது என் மதிப்பீடு.

ஆணையத்துக்குள்ளேயே பொறியாளர்கள் பிரிவு ஒன்றும் உண்டு. 1957-இல் பணிகள் துறை அமைச்சகத்தில் தொடங்கி, 1964-இல் ஆணையத்தோடு சேர்க்கப்பட்ட தலைமைத் தொழில்நுட்ப ஆய்வாளர் பிரிவு அது. அவர்கள் கான்கிரீட்டின் தரத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. மதிப்பீடு சந்தை விலையை ஒட்டிப் போடப்பட்டதா, தகுதி நிபந்தனைகள் ஒரே நிறுவனத்தின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருக்கின்றனவா, வங்கி உத்தரவாதக் கடிதம் உண்மையானதா, அது காலாவதியாகிவிட்டதா, 'எம்-புக்' என்று சொல்லப்படும் அளவுப் புத்தகத்தில் பதிந்ததும் தளத்தில் நிற்பதும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். கண்ட குறைகள் அந்த ஒரு வேலையோடு முடிவதில்லை. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அறிவுரையாகச் சுற்றுக்கு விடப்படுகின்றன. ஒரு குற்றத்திலிருந்து ஒரு விதி பிறக்கும் இந்த வழிதான் முன்தடுப்பின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எளிதில் பணம் புழங்கும் இருக்கைகளில் உள்ளவர்களை மூன்றாண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்று ஆணையம் வலியுறுத்துகிறது. மத்திய அரசின் உயர்நிலை அலுவலர்கள் ஆண்டுதோறும் அசையாச் சொத்துக் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்பது நடத்தை விதி. கொடுக்கிறார்கள், அதை எத்தனை அலுவலகங்களில் யாராவது பிரித்துப் படிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

புகார்களைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது. 1999 ஜூனில், பெயரில்லா மொட்டைக் கடிதங்களின்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று ஆணையம் அறிவுறுத்தியது. பதவி உயர்வு நெருங்கும் நேரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் வந்து நல்ல அதிகாரி ஒருவரின் வாழ்க்கையை முடக்குவதைக் கண்டவர்களுக்கு அந்த முடிவின் நியாயம் புரியும். ஆனால் பெயர் போட்டு எழுதியவர்களுக்கு என்ன பாதுகாப்பு? தங்க நாற்கர நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். அந்தப் பெயர் வெளியே போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு, 2004 ஏப்ரலில், தகவல் தருவோரின் புகார்களைப் பெறும் அமைப்பாக ஆணையத்தை அரசு நியமித்தது. அதன் நடைமுறை எளிது: புகார்தாரர் தன் பெயரையும் முகவரியையும் கடிதத்தின் உள்ளே எழுத வேண்டும், உறையின்மேல் எழுதக் கூடாது. மொட்டைக் கடிதத்துக்கும் துபேயின் கடிதத்துக்கும் இடையே கண்டுபிடிக்கப்பட்ட வழி இது. இதற்கென்றே 2014-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது, ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடந்தது.

ஆணையம் சொல்வது ஆலோசனைதான், கட்டளை அல்ல. துறை ஏற்க மறுத்தால், அந்த மறுப்பை ஆண்டறிக்கையில் எழுதி நாடாளுமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுசெல்ல முடியும். அதற்குமேல் அதன் கை நீளாது. ஆணையத்துக்கே தலைவராக வருபவரின் தேர்விலும் நெருடல் நேர்ந்தது. 2011 மார்ச் 3 அன்று, ஆணையராகப் பி.ஜே. தாமஸ் நியமிக்கப்பட்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிமனிதரின் நேர்மை மட்டுமல்ல, அந்த அமைப்பின் மீதான நம்பிக்கையும் தேர்வில் கணக்கில் வர வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது.

ஆயினும் எனக்குப் பெரிய கவலை இவை அல்ல. கண்காணிப்பு கூடக் கூட, கையெழுத்துப் போடத் தயங்குவதும் கூடுகிறது. பத்தாண்டு கழித்து யாராவது கேட்பார்களோ என்று பயப்படும் வங்கி மேலாளர், நல்ல தொழிலுக்குக் கேட்ட கடனையும் 'மேலிடத்துக்கு அனுப்புகிறேன்' என்று தள்ளிவிடுகிறார். தவறான முடிவு வேறு, தீய நோக்கமுள்ள முடிவு வேறு என்று ஆணையத்தின் கையேடே பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பிரிவினை கிளை அலுவலகத்து மேசை வரை போய்ச் சேர்வதில்லை. எந்தத் தாமதத்தை ஊழலின் ஊற்றுக்கண் என்று சந்தானம் குழு காட்டியதோ, அந்தத் தாமதம் இப்போது எச்சரிக்கையின் உடையில் திரும்பி வருகிறது.

ஆணையத்தின் சொந்த வேலையிலும் அதுவே. புகார் விசாரணை மூன்று மாதத்திலும், துறைரீதியான விசாரணை ஆறு மாதத்திலும் முடிய வேண்டும் என்று அது காலக்கெடு விதித்திருக்கிறது. கெடு தாண்டிய கோப்புகளை நீங்கள் எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். விசாரணை முடியாமலே ஓய்வு பெறுபவருக்குத் தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வருகிறது, பணிக்கொடை நிறுத்திவைக்கப்படுகிறது. அவர் குற்றம் செய்தவராக இருந்தால் தீர்ப்பு தள்ளிப்போவது அவருக்கு லாபம். செய்யாதவராக இருந்தால், மகள் கல்யாணத்துக்கு நம்பியிருந்த பணம் எப்போது வரும் என்று விசாரிக்க, அவரும் ஒருநாள் அந்த அலுவலக வாசலில், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.