எங்கள் வீட்டுக் கதிரைக்கு இங்கிலாந்தில் ஒரு சகோதரம்

வணக்கம் உறவுகளே. பக்கத்து வளவில் மா அரைக்கிற மெசின் ஓடுகிறது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஆங்கிலச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் இலத்தீனைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். அதற்கு ரோமாபுரி வரை போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்து வீடு ஒன்று போதும்.

முதலில் நான் இருக்கிற இந்தக் கதிரை. தமிழ்நாட்டில் நாற்காலி என்பார்கள், எங்களுக்கு இது கதிரைதான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் விழுந்தது, 1658இல் ஒல்லாந்தர் வந்து அவர்களைக் கலைத்துவிட்டார்கள். ஆட்கள் போனாலும் வீட்டுச் சாமான்களின் பெயர்கள் போகவில்லை. கதிரை போர்த்துக்கேயருடைய ‘கதெய்ரா’. அதற்குத் தாய் இலத்தீனின் ‘கதெட்ரா’, அது கிரேக்கத்தில் வாங்கிய கடன். அதே கதெட்ரா பிரான்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனபோது தேய்ந்து ‘செயார்’ ஆகிவிட்டது. ஆக, கதிரையும் செயாரும் ஒரே குடும்பம். நடுவில் இருந்த எழுத்தை ஆங்கிலம் எங்கேயோ தொலைத்துவிட்டது, எங்களிடம் அது ‘தி’யாகப் பத்திரமாக இருக்கிறது! ஆயருடைய ஆசனம் இருக்கிற கோயில் என்பதால்தான் ‘கதீட்ரல்’ என்ற பெயரும். எங்கள் புனித மரியன்னை பேராலயத்தைக் கதீட்ரல் என்று சொல்லும்போதும் ஒரு கதிரையைத்தான் சொல்கிறோம்.

சரி, கமராவைத் திருப்புகிறேன். இது அம்மம்மாவின் அலுமாரி, முதிரை மரம். கதவைத் திறந்தால் இப்போதும் நப்தலின் உருண்டை மணம்தான். உள்ளே கூறைச்சேலை, காணி உறுதி, பழைய வங்கிப் புத்தகங்கள். இலத்தீனில் ‘ஆர்மா’ என்றால் ஆயுதம், தளவாடம். அவற்றை வைக்கிற இடம் ‘ஆர்மாரியும்’, எங்கள் அலுமாரிக்கு மூலம் அதுதான். ‘ஆர்மி’ என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததுதான். பிறகு மடாலயங்களில் புத்தகம் வைக்கிற பெட்டகத்துக்கும் அந்தப் பெயர் வந்தது, நூல்களைக் காக்கும் துறவியை ‘ஆர்மாரியுஸ்’ என்றார்கள். வாளில் தொடங்கி ஏட்டுக்கு வந்து, எங்கள் வீட்டில் சேலைக்கு வந்து நிற்கிறது.

ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு சகோதரம் இருந்தது, ‘ஓம்பிரி’. சமையலறையில் சாப்பாட்டுச் சாமான் வைக்கிற அலுமாரிக்கும் ஒருகாலத்தில் அதுதான் பெயர். இன்றைக்குத் தேவாலயச் சுவரில் திருப்பாத்திரங்கள் வைக்கிற சின்ன மாடத்துக்கு மட்டும் அந்தப் பெயர் மிஞ்சியிருக்கிறது. லண்டனில் தெருவில் போகிற ஒருவரிடம் ஓம்பிரி என்றால் முழிப்பார். நாங்களோ அதை ஒவ்வொரு நாளும் திறந்து மூடுகிறோம்.

குசினியும் அப்படித்தான், அதுவும் ‘கிச்சினும்’ இலத்தீனின் ‘கொக்வீனா’வில் போய் முடியும். பாண், அதாவது பிரெட், இன்னும் சுவையான கதை. இலத்தீனில் ‘பானிஸ்’. ‘கொம்’ என்றால் கூட. ஆகவே ‘கொம்பானியன்’ என்பவர் உங்களோடு கூட இருந்து பாண் சாப்பிடுகிறவர். எங்களில் சம்பலுக்குச் சண்டை பிடிக்கிற ஆட்களும் அதற்குள் அடக்கம். பழைய ஆங்கிலேயப் பிரபுக்களின் வீடுகளில் பாணுக்குப் பொறுப்பாக ஒருவர் இருப்பார், அவர் ‘பான்ட்லர்’. போத்தலுக்குப் பொறுப்பானவர் ‘பட்லர்’. பட்லர் இன்றும் இருக்கிறார், பான்ட்லர் வேலை போய்ச் சொல்லும் செத்துவிட்டது. அவர் இருந்த ‘பான்ட்ரி’ அறை மட்டும் மிச்சம்.

தவறணையைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். ‘தபெர்னா’ என்றால் குடில், கடை. ஆங்கிலத்தில் ‘டவர்ன்’, எங்களிடம் கள்ளுத் தவறணை. அதே தபெர்னாவின் சிறிய வடிவம் ‘தபெர்னாக்குலும்’, சின்னக் கூடாரம். கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை வைக்கிற பேழைக்கு ஆங்கிலத்தில் ‘டபர்னக்கிள்’ என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். சுவாமிமார் யாராவது இதைப் பார்த்தால் என்னோடு கோபிக்கக்கூடாது, வேரைத்தான் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ரைவல்’. இலத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் சிற்றோடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற அயலவர்கள் ‘ரீவாலிஸ்’. அதிலிருந்து போட்டிக்காரன் என்ற பொருள் எப்படி வந்தது என்று ஐரோப்பியனுக்கு விளக்க வேண்டியிருக்கலாம், பங்குக் கிணறு உள்ள ஊர் ஆட்களுக்கு வேண்டாம். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை, கிணறுதான் எல்லாம். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் இறைப்பு முறைக்காக இரண்டு வீட்டுக்காரர் முகம் பார்க்காமல் திரிந்தார்கள். கலியாணவீட்டுப் பந்தலிலும் ஆளுக்கொரு பக்கம். அசல் ரீவாலிஸ்!

கடைசியாக வழக்கொழிந்த ஒன்று. இலத்தீனில் ‘க்ராஸ்’ என்றால் நாளை. வேலையை நாளைக்குத் தள்ளினால் ‘ப்ரொக்ராஸ்டினேட்’, இது எல்லோருக்கும் தெரியும். ‘பெரெண்டியே’ என்றால் நாளையிண்டைக்கு, அதாவது நாளை மறுநாள். வேலையை நாளையிண்டைக்குத் தள்ளுவதற்கென்றே ஆங்கிலத்தில் ‘பெரெண்டினேட்’ என்று ஒரு சொல் இருந்தது, இப்போது யாரும் பாவிப்பதில்லை. என் சட்டையைத் தைக்கக் கொடுத்த இடத்தில் நாளைக்கு வாங்கோ என்ற கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது நாளையிண்டைக்குத்தான். அந்த அண்ணைக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், சட்டை கைக்கு வந்த பிறகு.