எல்லை தாண்டினால் தூக்கம் எடையாகும்

[காட்சி: வாளையார் நெடுஞ்சாலை, விடியற்காலை. ஓரம் கட்டிய லாரிகள்.]

கோவையிலிருந்து மேற்கே போய் வாளையாரைத் தாண்டியதும் ஒரு சொல்லுக்குப் பொருள் மாறிவிடுகிறது. தமிழில் தூக்கம் என்றால் உறக்கம், மலையாளத்தில் எடை. கஞ்சிக்கோட்டில் லாரி ஓட்டும் நம் ஆள் ஒருவர், "டாக்டர், தூக்கம் குறைந்துவிட்டது" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ஊருக்குப் புதியவர் என்றால், எடை பார்க்கும் கருவியில் ஏறச் சொன்னாலும் சொல்வார்.

அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உடல் பருத்து, கழுத்தும் தடித்தவர்களுக்கு உறக்கத்தில் தொண்டை அடைபடும் வாய்ப்பு அதிகம்.

[காட்சி: தொண்டையின் குறுக்குவெட்டுப் படம். காற்று நிற்கிறது.]

குறட்டை உச்சத்துக்குப் போகிறது. சட்டென்று நிசப்தம். 10 விநாடியாவது மூச்சு நின்று, பிறகு ஒரு திணறலோடு திரும்புகிறது. மூச்சு இப்படி நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 30 என்றால் கடுமை. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. காலையில் தலைவலி, பகலில் அசதி, எத்தனை மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தம். நாமோ, "மனுஷன் என்னமாய்த் தூங்குகிறார்!" என்று மெச்சுகிறோம்.

இது மருத்துவருக்குத் தெரியாதா? 2003இல் அமெரிக்காவில் இதைச் சோதிக்கவே ஒரு வினாத்தாள் வந்தது. பெயர் ஒசாகா, ஜப்பான் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறிவை அளக்க 18 கேள்விகள், மனப்போக்கை அறிய 5. பல நாட்டு மருத்துவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முக்கியமானது என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள். அதைக் கையாளும் துணிச்சல்தான் பலருக்கும் குறைவாக இருந்தது.

அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவப் படிப்பில் உறக்கத்துக்குக் கிடைப்பது ஒரு மூலை. வெளியே நீண்ட வரிசை. சர்க்கரை, பிரஷர் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த டோக்கன் வந்துவிடுகிறது. குறட்டையை நாமும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

[காட்சி: மாத்திரை அட்டை.]

ஆபத்து இங்கேதான். "ராத்திரி அடிக்கடி விழித்துக்கொள்கிறேன்" என்றதும் அல்பிரசோலம் போன்ற மாத்திரை எழுதப்பட்டால், தளர்ந்த தொண்டை இன்னும் தளரலாம். மூச்சு முட்டி விழிப்பவருக்குத் தூக்க மாத்திரை மருந்தே அல்ல. அவருக்குத் தேவை இரவுப் பரிசோதனை. நோய் உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. அது 1981இலேயே சிட்னியில் வந்துவிட்டது.

[காட்சி: எட்டுக் கட்டமுள்ள தாள்.]

நோய் இருக்குமோ என்று பார்க்கச் செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. 1991இல் ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் வெளியிட்ட எப்வர்த் அளவுகோல். எட்டே கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்திருக்கும்போது, வண்டி நெரிசலில் நிற்கும்போது கண் அயருமா என்பது போன்றவை. 10ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும்.

ஒரு சிக்கல்: லைசென்ஸ் பறிபோய்விடுமோ என்று அஞ்சும் ஓட்டுநர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிடுவார். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவரைப் பற்றி வீட்டம்மாவுக்கும் முழுதாகத் தெரியாது. ஆகவே அண்ணன்மாரே, மருத்துவரிடம் போகும்போது கேபினில் பக்கத்தில் படுக்கும் கிளீனர் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் எத்தனை முறை உங்களை உலுக்கி எழுப்பினான் என்று அவன் சொல்வான்.