விண்ணப்பத்தில் எழுதும் குறை

நேயர்களுக்கு வணக்கம். பிரான்ஸ் நாட்டில் 1957-இல் தொடங்கப்பட்ட இன்சியாட் மேலாண்மைக் கல்லூரி, எம்.பி.ஏ. படிக்க விரும்புவோரிடம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கட்டுரைகளில் ஒன்று, தம் பலங்களையும் பலவீனங்களையும், தம்மை உருவாக்கிய சூழலோடு சேர்த்து, ஒளிவுமறைவின்றி 500 சொற்களில் விவரிக்கச் சொல்வது. பலங்களைப் பற்றித் தயங்காமல் எழுதுகிறவர்கள், பலவீனம் என்று வந்ததும், "எதையும் குறையின்றிச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு அதிகம்" என்று எழுதிவிடுகிறார்கள். இது தற்புகழ்ச்சி, ஆண்டுதோறும் இதே வரியைப் படித்துச் சலித்த தேர்வுக் குழுவினருக்கு அது உடனே புரிந்துவிடும்.

குறையை நம்பவைப்பது அதன் விளைவுதான் என்பது என் கருத்து. மென்பொருள் குழு ஒன்றை நடத்தும் இளைஞர், "வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கத் தயங்குகிறேன்" என்று மட்டும் எழுதினால் அதில் உயிரில்லை. இளையவர்கள் எழுதிய நிரலை அவர்களிடம் சொல்லாமலே இரவில் தாமே மாற்றி எழுதியதையும், தாம் விடுப்பில் சென்ற வாரத்தில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவருமில்லாமல் போனதையும், அதன்பின் திருத்தங்களை உரியவரோடு அமர்ந்து செய்யப் பழகியதையும், நெருக்கடி நாட்களில் பழைய வழக்கம் இன்றும் தலைகாட்டுவதையும் அவர் எழுதட்டும். முழுவதும் திருந்திவிட்டேன் என்று முடிப்பவரைவிட இவரையே நான் நம்புவேன்.

மதிப்பெண் குறைவும் வேலையில்லாத இடைவெளியும் வேறு வகை. அவற்றுக்கென, தேவைப்படுவோர் மட்டும் எழுதும் விருப்பக் கட்டுரை என்ற தனி இடத்தைப் பல கல்லூரிகள் தருகின்றன; காரணத்தை நான்கைந்து வரிகளில் சொன்னால் போதும், அங்கே புலம்பல் வேண்டாம்.

பலரும் மறந்துவிடுவது பரிந்துரைக் கடிதத்தை. ஹார்வர்டு உள்ளிட்ட பல கல்லூரிகள், விண்ணப்பதாரருக்கு வழங்கிய மிக முக்கியமான திருத்த ஆலோசனை எது, அதை அவர் எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்று மேலதிகாரியிடம் கேட்கின்றன. இரண்டு தாள்களும் ஒரே மேசைக்குத்தான் வந்து சேரும். கூட்டங்களில் பிறரைப் பேசவிடாதவர் என்று மேலதிகாரி எழுதியிருக்க, மேடைக் கூச்சமே தம் குறை என்று விண்ணப்பதாரர் எழுதியிருந்தால், அவருக்குத் தம்மையே தெரியவில்லை என்றுதான் குழு எண்ணும். ஆகவே, கட்டுரையைத் தொடங்குமுன் மேலதிகாரியிடம் நேரில் சென்று, தம்மிடம் அவர் கண்ட குறை எது என்று கேட்டுவிடுவது நல்லது. அவர் சொல்லும்போது குறுக்கிட்டு விளக்கம் தராமலிருப்பது அதனினும் நல்லது. நன்றி, வணக்கம்.