புங்க மரத்தடி மண்

வண்டியூர் கண்மாய்க் கரைக்குக் காலை நடை வந்தவர்களை மடக்கி உட்கார வைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள், பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறேன்.

இரண்டு மஞ்சப்பை கொண்டுவந்திருக்கிறேன், இரண்டிலும் மண்தான். ஒன்று எங்கள் தெருமுனைப் புங்க மரத்தடியில் எடுத்தது. பைக் நிறுத்தி, நடந்து, தினமும் கூட்டி, கூட்டிய சருகை அங்கேயே கொளுத்தி இறுகிப்போன இடம். நேற்றுக் கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று எகிறிக் கையை உதறுகிறது. இன்னொன்று அதே தெருவில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கொல்லை (வீட்டுக்காரரிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் போனேன்). அதுவும் புங்க மரத்தடிதான், ஆனால் கூட்டுவதற்கு ஆளில்லை. விரலாலேயே தோண்டிவிட்டேன். இரண்டு இடத்திலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கொல்லையில் ஊற்றியது செம்பை நிமிர்த்துவதற்குள் காணோம். தெருவில் ஊற்றியது நேரே சாக்கடையைப் பார்த்து ஓடுகிறது.

நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெறும் சந்துதான், காற்றும் தண்ணீரும் இருக்கிற சந்து. வேர் மூச்சுவிடுவது அதில். உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே இருக்கிறது, பாதாளத்தில் இல்லை. அதன் தலையில்தான் நாம் வண்டியை நிறுத்துகிறோம், சிமெண்ட் திண்ணையும் கட்டுகிறோம். அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற மழை எங்கே இறங்கும்?

சரி, சருகுக்கு வருவோம். புங்கையின் வேர் முடிச்சுகளில் இருக்கிற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. அது இலைக்கு ஏறி, மாசி பங்குனியில் இலை கொட்டும்போது மண்ணுக்குத் திரும்ப வேண்டியது. பூஞ்சை, மரவட்டை, கரையான், நாங்கூழ் என்கிற மண்புழு எல்லாம் அதற்காகவே காத்திருக்கின்றன. மேலூர்ப் பக்கம் நாற்று நடுமுன் வயலில் புங்கந்தழையை மிதித்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். அதே தழைக்கு டவுனில் குப்பை என்று பெயர். கொளுத்தினால் நைட்ரஜன் புகையோடு போய்விடும், சாம்பலில் மிஞ்சுவது கொஞ்சம் பொட்டாஷும் சுண்ணாம்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிட்டாபட்டிக்குப் போய்ப் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். அங்கே மரத்தடியை யார் விளக்குமாறு வைத்துக் கூட்டுகிறார்கள்? நாமோ கடம்பவனம் என்று பெயர் வாங்கிய மதுரையில் கட்டட இடிபாட்டுக்குள் குழி தோண்டி, கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

சருகு கிடந்தால் பாம்பு வருமே என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். வாசலை ஒட்டிக் குவிக்க வேண்டாம், மரத்தின் தூரை ஒட்டியும் வேண்டாம், ஈரம் நின்று பட்டை அழுகும். ஒரு முழம் தள்ளி, நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் போதும்.

கொல்லை மண் பை எந்த வரிசையில் இருக்கிறது? சுருட்டி இறுக்காதீர்கள், உள்ளே ஒரு நாங்கூழ் கிடக்கிறது. வெயில் ஏறுமுன் அதை எடுத்த இடத்திலேயே விட வேண்டும்.