சிறுகுறிஞ்சான் நாக்கை ஏமாற்றும். ரிப்போர்ட்டை ஏமாற்றுவது வேறொன்று

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது சிறுகுறிஞ்சான் இலை, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பலரும் சொல்லும் மூலிகை. வாயில் போட்டு மெல்கிறேன். கசப்புதான், என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இப்போது ஒரு சிட்டிகை சர்க்கரை. துளி இனிப்பு இல்லை. மணலை மெல்வது போல இருக்கிறது. இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம், நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. அரை மணி நேரமாவது இப்படித்தான் இருக்கும். ஆனால் இது நாக்கில் நடந்த வித்தை, ரத்தத்தில் நடந்ததல்ல.

ரத்தத்துக்கு வருவோம். "சர்க்கரை நோய்க்கு மூலிகைச் சாறு கொடுத்ததும் ஹீமோகுளோபின் ஏறியது, ரத்த அணுக்கள் கூடின" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியின் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஓர் எலிதான் அகப்படும். ஸ்ட்ரெப்டோசோடோசின் அல்லது அலாக்ஸான் ஊசி போட்டு, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து, அதற்குச் சர்க்கரை நோயை வரவழைப்பார்கள். பிறகு சாற்றை உடல் எடைக்கேற்ப அளந்து கொடுத்து, ரத்தத்தைச் சோதிப்பார்கள். ஆய்வு பொய்யில்லை. ஆனால் அந்த எலியின் நோயும் உங்கள் அப்பாவுக்கு ஐம்பது வயதில் வந்த நோயும் ஒன்றல்ல. அந்தச் சாறும் நாம் கண்ணளவில் காய்ச்சும் கஷாயமும் ஒன்றல்ல.

"எனக்கு எச்பிஏ1சி இறங்கிவிட்டதே" என்பீர்கள். ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே அந்த எண். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் இது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு. பத்து நாள் கஷாயம் குடித்துவிட்டு இதை எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. ரத்தம் இழந்திருந்தாலோ அணுக்கள் சீக்கிரம் அழிந்தாலோ எண் பொய்யாகக் குறையும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் பொய்யாக ஏறவும் செய்யும். ரிப்போர்ட்டை ஏமாற்றுவது இந்த ரத்தசோகைதான். அதை யாரும் பேசுவதில்லை.

மூலிகையை நான் இளக்காரம் செய்யவில்லை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமே கலேகா அஃபிசினாலிஸ் என்ற ஐரோப்பியச் செடிதான். அதிலிருந்த கலேஜின் என்ற பொருள் நஞ்சுத்தன்மை கொண்டது என்பதால் அதன் உறவுப் பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன், அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட முடிவுகளை 1957-இல் வெளியிட்டார். அந்த மாத்திரையையே பல ஆண்டுகள் விழுங்கினால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் ரத்தசோகை வரலாம். செடியில் பிறந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு, பார்த்தீர்களா!

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சிறுகுறிஞ்சான் பொடியைச் சேர்க்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். அப்போது உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும், அதுவும் விழுங்கும் நினைவு இருந்தால் மட்டுமே.

அடுத்த முறை எச்பிஏ1சி எடுக்கும்போது ரத்தசோகையைக் காட்டும் முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையையும் சேர்த்து எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் பி12 பற்றியும் கேளுங்கள். நான் போய் வாயைக் கொப்பளிக்கிறேன், கசப்பு இன்னும் போகவில்லை.